பிடிக்கவும் விடவும் தெரிந்த கால்கள்

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று ஒரு பட்டியல் இருக்கும். தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் வேறொன்று என்று உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் பலன். பட்டியல் போட்டவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்: பல்லி விழுவது அபூர்வம். தினமும் நடக்கிற காரியத்துக்கு யாரும் பலன் எழுதி வைப்பதில்லை. கூரையில் தலைகீழாக நடந்து, டியூப்லைட்டின் வழவழப்பான கண்ணாடியில் ஓடி, பாய்ந்து ஒரு பூச்சியைக் கவ்வி, அதன் பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்கிற பிராணி அது. அதன் காலடியில் என்னதான் இருக்கிறது என்ற கேள்விக்கு உறுதியான பதில் 2002-ல்தான் கிடைத்தது. அதாவது, மனிதன் நிலவில் இறங்கி 33 ஆண்டுகள் கழித்து.

உடும்புப் பிடி என்று சொல்கிறோம். உடும்பின் பிடி நகத்தின் பிடி. மரப்பட்டையின் வெடிப்பும் பாறையின் இடுக்கும் இருந்தால் அதை அசைக்க முடியாது. கண்ணாடிப் பலகையில் விட்டால் அதே உடும்பு ஓரடிகூட ஏறாது. பல்லிக்கும் நகம் உண்டு. சொரசொரப்பான இடங்களில் அதைப் பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் நகம் மாட்டுவதற்கு ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில் அது கையாளும் முறை முற்றிலும் வேறு.

இந்த வித்தை வெகு காலமாகவே மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது. மரங்கொத்தியைப் பற்றி எழுதும்போது, அது பல்லியைப் போலத் தலைகீழாகவும் மரத்தில் நடமாடும் என்று அரிஸ்டாட்டில் ஒப்பிட்டார். பிற்காலத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். காலில் பசை சுரக்கிறது என்றார்கள். அறுத்துப் பார்த்ததில் பசைச் சுரப்பி எதுவும் இல்லை. ஆக்டோபஸைப் போல உறிஞ்சு குழிகள் என்றார்கள். காற்றை வெளியேற்றிய வெற்றிடத்தில் வைத்தபோதும் கால் ஒட்டியே இருந்தது. உறிஞ்சு குழியாக இருந்திருந்தால், வெளியிலிருந்து அழுத்தக் காற்றில்லாமல் அது கழன்று விழுந்திருக்க வேண்டும். பலூனைத் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டுவது மாதிரியான நிலைமின்சாரமோ என்ற சந்தேகமும் வந்தது. 1934-ல் டெல்லிட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிச் சுற்றியிருந்த காற்றையே மின்கடத்தியாக்கினார். மின்னூட்டம் தங்க வழியில்லாத அந்தக் காற்றிலும் பல்லி பிடியை விடவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆனபோது, 1968-ல் ஹில்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் ஒரு துப்பைக் கண்டுபிடித்தார். திரவங்கள் நன்றாகப் பரவி ஒட்டும் பரப்புகளில் பல்லியும் நன்றாக ஒட்டியது. திரவத் துளிகள் முத்தாக உருண்டோடும் பரப்புகளில் அதன் பிடி தளர்ந்தது. பிடி என்பது சுவரின் மேடுபள்ளத்தைப் பொறுத்ததாக இல்லை. சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்திருந்தது. பார்வை மூலக்கூறுகளின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான்.

சோதனைகளில் பெரும்பாலும் சிக்கியது டோக்கே பல்லி. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழ்வது, ஓரடி நீளம், நீலச் சாம்பல் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், ‘டோக்-கே’ என்று உரக்கக் கத்தும். (மருந்துக்கு ஆகும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையால் இதைப் பிடித்துக் கடத்துகிறார்கள். 2019-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டியதாயிற்று.) இதன் விரலைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் குறுக்காக மடிப்பு மடிப்பாகத் தகடுகள் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆச்சரியம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு தகட்டிலும் ஆயிரக்கணக்கான மயிர்கள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. இவற்றை நுண்மயிர் என்று அழைப்போம். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தடிமன் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. நகத்திலும் செதிலிலும் இருக்கும் கெரட்டின் வகைப் புரதத்தால் ஆனவை. ஒவ்வொரு நுண்மயிரின் முனையும் நூறிலிருந்து ஆயிரம் வரையிலான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியும் தட்டையாக, தோசைத் திருப்பியின் வடிவில் விரிகிறது. இந்தத் தட்டை நுனியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு கூறு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே சாதாரண நுண்ணோக்கியில் இந்த நுனி தெளிவாகத் தெரிய வாய்ப்பே இல்லை. 1960-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்த பிறகுதான் அதன் உருவம் புலப்பட்டது.

டோக்கே பல்லியின் நான்கு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய 65 லட்சம் நுண்மயிர்கள் என்பது ஒரு கணக்கு. தட்டை நுனிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கான கோடி. இத்தனையும் 50 கிராம் எடையுள்ள ஒரு பிராணியின் பாதத்தில்.

எதற்கு இவ்வளவு? இங்கேதான் வான்டெர்வால்ஸ் வருகிறார். நெதர்லாந்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு இயற்பியலுக்கு வந்து 1910-ல் நோபல் பரிசு பெற்றவர். எல்லா மூலக்கூறுகளும் மிக அருகில் வந்தால் ஒன்றையொன்று மெலிதாக இழுக்கின்றன என்ற கருத்தை வாயுக்களின் கணக்கில் சேர்த்தவர் அவர். ஏன் இழுக்கின்றன என்பதை 1930-ல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைகின்றன. ஒரு கணம் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், அந்த அணுவின் ஒரு பக்கம் எதிர்மின்னாகவும் மறுபக்கம் நேர்மின்னாகவும் ஆகிவிடுகிறது. அடுத்த கணம் இது மாறிவிடும். அதற்குள் பக்கத்து அணுவிலும் எலெக்ட்ரான்கள் அதற்கு ஏற்ப நகர்ந்து, இரண்டுக்கும் இடையே ஓர் ஈர்ப்பு பிறந்துவிடுகிறது.

இதன் பெயர் வான்டெர்வால்ஸ் விசை. எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளுக்கும் இடையே இது உண்டு. உங்கள் உள்ளங்கைக்கும் சுவருக்கும் இடையேகூட. பிறகு ஏன் நாம் சுவரில் ஒட்டிக்கொள்வதில்லை? விசையின் எல்லை அவ்வளவு குறுகியது. இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள தூரத்தை இரு மடங்காக்கினால் ஈர்ப்பின் ஆற்றல் 64-ல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். சுவரில் கையை வைக்கும்போது முழுக் கையும் பட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அணுக்களின் அளவில் பார்த்தால் இரு பக்கத்து மேடுகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, மீதியெல்லாம் இடைவெளி. பல்லியின் நுனிகளோ எந்தப் பள்ளத்துக்குள்ளும் வளைந்து இறங்கி, சுவரை நிஜமாகவே தொட்டுவிடுகின்றன. கோடிக்கணக்கான அற்ப ஈர்ப்புகள் சேர்ந்து ஒரு பிடியாகின்றன.

இதை ஊகமாக விடாமல் அளந்து காட்டியது 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு. கெல்லர் ஆட்டம், ராபர்ட் ஃபுல் ஆகியோர் அடங்கிய அமெரிக்கக் குழு, டோக்கே பல்லியிலிருந்து ஒரே ஒரு நுண்மயிரை எடுத்து, மெல்லிய ஊசியின் நுனியில் பொருத்தி, அதன் பிடியை நுண் உணரியால் அளந்தது. வெறுமனே அழுத்தினால் மயிர் சரியாக ஒட்டவில்லை. பல்லி காலை வைப்பதைப் போலவே செய்தார்கள்: மெல்ல அழுத்தி, பிறகு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தூரம் பின்னுக்கு இழுத்தார்கள். பிடி பல மடங்கு எகிறியது. ஒரு மயிர் தாங்கிய விசை சுமார் 200 மைக்ரோநியூட்டன். ஓர் அரிசிமணியின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிர், கண்ணுக்குத் தெரியும் ஓர் அரிசியைத் தூக்குகிறது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 65 லட்சம் மயிர்களும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு பிடித்தால் 1300 நியூட்டன் வரும். 130 கிலோவுக்கு மேல். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர்கள் நான்கைச் சுவரில் தொங்கவிடலாம். 50 கிராம் உடம்பைச் சுவரில் நிறுத்த 0.04 சதவீத மயிர்கள் பிடித்தாலே போதும். இவ்வளவு உபரி வீண் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கரடுமுரடான இடத்தில் பாதத்தின் சிறு பகுதிதான் பரப்பைத் தொடும். இலையிலிருந்து இலைக்குத் தாவி, ஒரு விரலை மட்டும் பதித்து உடம்பை நிறுத்த வேண்டிய தருணமும் வரும்.

2002-ல் அதே குழு அடுத்த சந்தேகத்தையும் தீர்க்க முயன்றது. காற்றிலுள்ள ஈரம் மெல்லிய நீர்ப்படலமாகி ஒட்ட வைக்கிறதோ என்று பலர் நினைத்தார்கள். நீரை ஏற்கும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் நுண்மயிரைச் சோதித்தார்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பிடி. நீர்தான் காரணமென்றால், நீரை விலக்கும் பரப்பில் பிடி விழுந்திருக்க வேண்டும். பிறகு பல்லி நுனியின் அளவில் இரண்டு வெவ்வேறு செயற்கைப் பொருள்களில் முனைகள் செய்து பார்த்தார்கள். அவையும் ஒட்டின. பொறியாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தக் கடைசி முடிவுதான். பல்லியின் புரதம் தேவையில்லை; சரியான அளவும் வடிவமும் இருந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதே வேலையைச் செய்யும். காற்றில் ஈரப்பதம் கூடினால் பிடியும் கூடுகிறது என்பது உண்மை. கெரட்டின் ஈரத்தில் இளகுவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பிடிப்பு. என்னைக் கேட்டால், பல்லியின் பெரிய சாமர்த்தியம் பிடியில் இல்லை. வலுவாக ஒட்டும் பசை நம்மிடமும் உண்டு. ஃபெவிகுவிக் விரலில் பட்டவர்களுக்குத் தெரியும். பல்லி ஒரு வினாடியில் ஒரு மீட்டர் சுவரேறி ஓடுகிறது. ஓடுவதென்றால் ஒவ்வோர் அடியிலும் ஒட்ட வேண்டும், உடனே விட வேண்டும். காலை விடுவிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 15 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு. அதற்கென்று பெரிய பலமும் பிரயோகிப்பதில்லை.

ரகசியம் கோணத்தில் இருக்கிறது. நுண்மயிர்கள் சாய்வாக முளைத்தவை. பின்னுக்கு இழுத்தால் நுனிகள் படிந்து பிடிக்கும். மயிருக்கும் சுவருக்கும் இடையேயான கோணம் 30 பாகையைத் தாண்டியதும் நுனிகள் ஓரத்திலிருந்து உரிந்து தானாகவே விட்டுவிடும். பல்லி இதற்காகவே விரல்களை நமக்கு முடியாத திசையில், மேல்நோக்கிச் சுருட்டுகிறது. நுனியிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக மயிர்கள் விடுபடுகின்றன. லட்சக்கணக்கான பிடிகளை ஒரே நேரத்தில் பிய்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. இழுத்தால் ஒட்டும், இழுப்பை நிறுத்திச் சாய்த்தால் விடும். ஒட்டுதலுக்கு ஒரு சுவிட்ச் வைத்த மாதிரி. சும்மா இருக்கும்போது இந்தக் கால் ஒட்டாத கால். அதனால்தான் விரலும் விரலும் ஒட்டிக்கொண்டு பல்லி திண்டாடுவதில்லை.

இன்னொரு முரணையும் கவனியுங்கள். செலோடேப் ஒட்டுவதற்குக் காரணம் அதன் பசையின் மென்மை. அது வழிந்து இடைவெளிகளை நிரப்புகிறது. அதே மென்மைதான் தூசியையும் சேர்த்துப் பிடித்து, நாலு முறை ஒட்டி எடுத்ததும் நாடாவைப் பயனற்றதாக்குகிறது. கெரட்டினோ கடினமான பொருள். ஆனால் கடினமான பொருளையே மெல்லிய, வளைந்த மயிர்களாக்கி நெருக்கமாக நட்டால், மொத்தப் பரப்பும் பசையைப் போல மென்மையாக நடந்துகொள்கிறது. ஒட்டும்போது மென்மை, தேய்மானத்துக்குக் கடினம். தூசி பட்டால்? 2005-ல் ஹான்சனும் ஆட்டமும் பல்லியின் காலில் வேண்டுமென்றே நுண்ணிய தூளைப் பூசி நடக்க விட்டார்கள். சில அடிகளிலேயே கால் தன்னைச் சுத்தம் செய்துகொண்டது. ஒரு தூசியை ஒரு சில நுனிகள்தான் தொட்டிருக்கும். சுவரின் ஈர்ப்பு அதைவிட அதிகம். ஆகவே தூசி சுவரோடு போய்விடுகிறது.

இந்தப் பிடிக்குத் தசையின் முயற்சி தேவையா என்ற கேள்விக்கு 2014-ல் கலிஃபோர்னியாவில் விடை கிடைத்தது. இறந்த பல்லியின் காலும் அதே பலத்தோடு ஒட்டியது. தோல்வியும் உண்டு: உலர்ந்த டெஃப்லான் பரப்பில் பல்லி வழுக்குகிறது. அதே டெஃப்லானை நனைத்துவிட்டால் ஒட்டிக்கொள்கிறது! நனைந்த கண்ணாடியில் நேர்மாறாக, பிடி தளர்கிறது. உலகத்தின் பல்லி இனங்களில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குத்தான் இத்தகைய ஒட்டும் விரல்கள். மரபணு ஒப்பீட்டின்படி பல்லிகளின் பரிணாமத்தில் இந்த விரல் 11 முறை தனித்தனியாகத் தோன்றி, 9 முறை மறைந்திருக்கிறது. தேவைப்பட்ட இடத்தில் வந்தது, மணலில் வாழப் போனவை சில அதைக் கைவிட்டன.

ஈ, வண்டு, சிலந்தி ஆகியவற்றின் காலிலும் ஒட்டும் மயிர்கள் உண்டு. ஜெர்மனியில் எட்வர்ட் ஆர்ட்ஸும் ஸ்டானிஸ்லாவ் கோர்பும் இவற்றை வரிசைப்படுத்தியபோது ஒரு விதி தென்பட்டது. பிராணி எவ்வளவு கனமோ, மயிர் நுனி அவ்வளவு மெலிது. ஒரு பெரிய தொடுபரப்பைப் பல சிறியவையாக உடைத்தால் மொத்தப் பிடி கூடுகிறது. அப்படியானால் மனிதன் சுவரேற என்ன வேண்டும்? 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். பல்லி மாதிரி ஏற வேண்டுமானால் நம் உடம்பின் மேற்பரப்பில் 40 சதவீதம் ஒட்டும் பரப்பாக இருக்க வேண்டும். பாதம் மட்டும் போதுமென்றால் ஐரோப்பிய அளவில் 145-ஆம் எண் செருப்பு. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். உடம்பு பெரிதாகும்போது எடை கூடும் வேகத்துக்குத் தோலின் பரப்பு ஈடுகொடுப்பதில்லை. வழவழப்பான சுவரேறும் பிராணிகளில் பல்லியே ஆகப் பெரியதாக இருப்பது அதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே மனிதர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். 2003-ல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமின் குழு, பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் இரண்டு மைக்ரோமீட்டர் உயர மயிர்க் காடு ஒன்றை உருவாக்கியது. அதை ஸ்பைடர்மேன் பொம்மையின் கையில் ஒட்டி, ஒற்றைக் கையால் கண்ணாடியில் தொங்கவிட்ட புகைப்படம் உலகைச் சுற்றியது. மயிர்களைக் கடினமான சிலிக்கான் தகட்டில் விட்டுவைத்தபோது சரியாக ஒட்டவில்லை. மென்மையான நாடாவுக்கு மாற்றிய பிறகே பிடி வந்தது. சில முறை ஒட்டி எடுத்ததும் மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிப் படிந்து போயின. அடுத்த ஆண்டே இதே கைம், சாதாரண ஒட்டும் நாடாவால் பென்சில் கரியை அடுக்கடுக்காக உரித்து ஒற்றை அணுத் தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்து, 2010-ல் நோபல் பரிசும் பெற்றார். பல்லி நாடாவால் வராத புகழ் கடைச் சரக்கு நாடாவால் வந்தது.

படிந்து போகாத மயிர் வேண்டும் என்று தேடியவர்கள் கார்பன் நானோகுழாய்களை எடுத்தார்கள். கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயனும் ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் அலி தினோஜ்வாலாவும் 2007-ல் செய்த நாடா, ஒரு சதுர செ.மீ.க்கு 36 நியூட்டன் தாங்கியது. பல்லிக் காலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒட்டுவதில் மனிதன் பல்லியை முந்திவிட்டான். ஆனாலும் யாரும் சுவரேறவில்லை. சிறு துண்டில் அபாரமாக ஒட்டுவது, பெரிய அளவில் செய்தால் சொதப்பியது. எங்காவது ஓர் ஓரத்தில் பாரம் குவியும். அந்த இடம் விடும். அங்கிருந்து மொத்தமும் உரிந்துவிடும்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டங்கன் இர்ஷிக், ஆல்ஃப்ரெட் கிராஸ்பி குழு வேறு இடத்தில் தேடியது. மயிரை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் தசைநாணைப் பார்த்தார்கள். பல்லியின் விரலில் விறைப்பான தசைநாண் நேராகத் தோலோடு இணைந்திருக்கிறது. உடம்பின் பாரம் விரல் முழுதும் சமமாகப் பரவுகிறது. அதைப் பின்பற்றி, விறைப்பான துணியில் மென்மையான ரப்பர் படலத்தைச் சேர்த்து நெய்தார்கள். அதில் நுண்மயிரே கிடையாது. 2012-ல் வெளிவந்த அந்தப் பொருளின் பெயர் கெக்ஸ்கின். 100 சதுர செ.மீ. துண்டு, ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு பரப்பு, கண்ணாடியில் சுமார் 300 கிலோவைத் தாங்கியது. ஓர் ஓரத்தைப் பிடித்து உரித்தால் சிரமமில்லாமல் வந்துவிடும். பத்து ஆண்டுகளாக எல்லோரும் மயிரையே எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

ஸ்டான்ஃபோர்டில் மார்க் கட்காஸ்கியின் ஆய்வகம் நடப்பதிலேயே கவனம் வைத்தது. 2006-ல் அங்கே பிறந்த ஸ்டிக்கிபாட் என்ற பல்லி ரோபாட், வினாடிக்கு 4 செ.மீ. வேகத்தில் கண்ணாடி ஏறியது. பிறகு சிலிகோன் ரப்பரில் ஆப்பு வடிவ நுண் தகடுகளைச் செய்தார்கள். சும்மா வைத்தால் கூர்முனை மட்டும் தொடும், ஒட்டாது. கீழ்நோக்கி இழுத்தால் ஆப்புகள் சாய்ந்து படுத்துப் பரப்பு முழுதும் ஒட்டும். பாரத்தை எடுத்தால் நிமிர்ந்து விட்டுவிடும். பல்லியின் சுவிட்ச் இதுதான்.

அங்கேயே எலியட் ஹாக்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், தபால்தலை அளவுள்ள 24 ஒட்டுத் துண்டுகளை ஒரு கைப்பலகையில் பதித்தார். ஒவ்வொரு துண்டுக்கும் நிக்கல்-டைட்டானியம் கலவையில் ஒரு சுருள்வில். எவ்வளவு நீண்டாலும் இழுவிசை அதிகம் கூடாத வில் அது; எந்தத் துண்டின் மீதும் பாரம் குவியாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு கைக்கு 140 சதுர செ.மீ. போதுமானதாக இருந்தது. 70 கிலோ எடையுள்ள மனிதர் 3.7 மீட்டர் கண்ணாடிச் சுவரில் ஏறினார். கேம்பிரிட்ஜ் கணக்கோடு இது மோதவில்லை. பல்லி எந்தச் சுவரிலும் ஏற வேண்டும்; இந்தக் கருவி சுத்தமான, சமமான கண்ணாடியில் ஏறினால் போதும்.

சுத்தமான சமமான பரப்புகள் எக்கச்சக்கமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: விண்வெளி. உறிஞ்சு குழி அங்கே செல்லாது, காற்றில்லை. பல பசைகள் கடுங்குளிரில் இறுகிப் போகும். சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செயற்கைக்கோளைத் தட்டினாலே விலகிப் போய்விடும். அழுத்திப் பிடிக்கவும் வழியில்லை. லேசாகத் தொட்டு, பக்கவாட்டில் இழுத்து ஒட்டும் பல்லிப் பிடி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து செய்த பிடிப்பானை எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானத்திலும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் சோதித்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளிலும் இந்த ஒட்டு நுழைந்துவிட்டது. ஓட்டைகள் நிறைந்த மின்சுற்றுப் பலகையை உறிஞ்சு குழியால் தூக்க முடியாது, காற்று கசியும். பல்லி ஒட்டுப் பட்டை வைத்த ரோபாட் கை, காற்றழுத்தக் குழாயே இல்லாமல், கறை படாமல் அதைத் தூக்கி வைக்கிறது.

நனைந்த இடங்களில் மட்டும் பல்லி நல்ல ஆசான் இல்லை. அங்கே வேறு பிராணிகளிடம் போக வேண்டும். அலையடிக்கும் பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகளின் புரதத்தைப் போன்ற ஒரு பாலிமரைப் பல்லி மாதிரி மயிர்களின் மேல் பூசினார்கள், 2007-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். நீருக்கடியில் பிடி ஏறக்குறைய 15 மடங்கு கூடியது. மரத்தவளையின் விரல் நுனியில் அறுகோண வடிவச் செல்களும் அவற்றைச் சுற்றி வாய்க்கால்களும் உண்டு. நீர் வாய்க்கால் வழியே வடிந்து, செல்கள் பரப்பைத் தொடுகின்றன. அதே 2007-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அபிஜித் மஜும்தார், அனிமங்ஷு கட்டக், அசுதோஷ் சர்மா மூவரும், மென்படலத்தின் அடியில் திரவம் நிரப்பிய நுண் குழாய்களைப் புதைத்து அதன் ஒட்டுதிறனை 30 மடங்கு வரை உயர்த்திக் காட்டினார்கள். தையலுக்குத் துணையாக உடலுக்குள் ஒட்டித் தானே கரையும் நாடா ஒன்றும் எம்.ஐ.டி.யில் எலிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு நிலவரம் இதுதான்: பிடியின் பலத்தில் செயற்கை நாடா பல்லியை முந்தியாயிற்று, விடும் சுவிட்சும் கிடைத்தாயிற்று. தூசி, சொரசொரப்பு, தேய்மானம் ஆகிய மூன்றும் பாக்கி. செயற்கைப் பட்டை அழுக்கானால் யாராவது துடைக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். பல்லி தோலுரிக்கும்போது பழைய நுண்மயிர்களும் உரிந்து, அடியில் தயாராக முளைத்திருக்கும் புதியவை வேலைக்கு வந்துவிடுகின்றன.

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைத் தேடி, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி வந்து நிற்கும். உள்ளிருந்து பார்த்தால் விரலின் அடித்தகடுகள் இரண்டு வரிசையாகத் தெரியும். அது நகரும்போது உங்கள் கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காட்சியைப் பதிவு செய்யுங்கள். டோக்கேயின் 15 மில்லிவினாடி அந்தக் கணக்கில் நாலு படத்துக்குள் அடங்கும். விரல் நுனி முதலில் மேல்நோக்கிச் சுருளும். உங்கள் வீட்டுப் பல்லிக்கு எத்தனை படம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.